வெட்டிய கைகளே காவல்

தேக்கடிக் காட்டில் வனத்துறை தேடிக்கொண்டிருந்தவர்களில் ஒரு கூட்டத்துக்கு வயணப்பட்டைக்காரர்கள் என்று பெயர். வயணம் என்பது காட்டில் தானாக வளரும் பட்டை மரம், நம் சமையலறைக் கருவாப்பட்டையின் உறவு. மரத்தை நிற்கவைத்து உரித்தால் கைக்கு எட்டுகிற அளவுதான் கிடைக்கும். முழுப் பட்டையும் வேண்டுமென்றால் மரத்தைச் சாய்க்க வேண்டும். அவர்கள் சாய்த்தார்கள். அரிசி மூட்டையோடு காட்டுக்குள் போய், நாள்கணக்கில் அங்கேயே சமைத்துச் சாப்பிட்டு, உரித்த பட்டையைத் தலைச்சுமையாக இறக்கி வியாபாரிகளிடம் போட்டார்கள். காட்டின் தடமெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. எந்த ஓடையில் கோடையிலும் தண்ணீர் நிற்கும், யானை எந்த வழியாக இறங்கும், ரோந்து எந்த நாளில் எந்தப் பக்கம் வரும் என்பதெல்லாம் தெரியும். ஆள் ஆளுக்கு வழக்கு இருந்தது. வாய்தாவுக்கு அலைந்த செலவுக்கே மறுபடி பட்டை உரிக்கப் போனவர்களும் உண்டு.

1998-இல் இந்தக் கூட்டத்தில் 23 பேர் வனத்துறையோடு கைகோத்தார்கள். அன்றிலிருந்து அவர்கள் பெரியாறு புலிகள் காப்பகத்தின் காவலாளிகள். ‘டைகர் டிரெய்ல்’ என்று பெயர் வைத்து, சிறு சிறு குழுக்களாகச் சுற்றுலாப் பயணிகளைக் காட்டுக்குள் அழைத்துப் போகிறார்கள். கூடாரம் போட்டுத் தங்கவைக்கிறார்கள், சமைத்துப் போடுகிறார்கள், தடம் பார்த்து எது எப்போது போனது என்று சொல்கிறார்கள். வருகிறவர்கள் கொடுக்கும் கட்டணம் அவர்களுடைய சங்கத்தின் பொதுநிதிக்குப் போகிறது. அதிலிருந்து மாதச் சம்பளம். அந்த நடையே ரோந்தாகவும் ஆகிவிடுகிறது. துப்பாக்கிச் சத்தம் கேட்க வேண்டிய மூலைகளில் மனிதப் பேச்சுச் சத்தம் கேட்டால் வேட்டைக்காரன் அந்தப் பக்கம் வரமாட்டான்.

இது கேரளத்துக் கதைதானே, தேனிக்கும் இதற்கும் என்ன என்று கேட்கலாம். கம்பத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் குமுளி. மலை ஏறி இறங்குவது ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போகும் நம் பெண்களுக்கு அன்றாடம். காட்டை அழித்த கைகளிலும், பிறகு காத்த கைகளிலும் நம் பள்ளத்தாக்கின் கைகள் கலந்திருக்கின்றன. பெரியாறு காப்பகத்தில் ‘விடியல்’ என்ற பெயரில் இன்னொரு குழு இருக்கிறது. அதில் இருப்பவர்கள் முன்பு சந்தன மரம் கடத்தியவர்கள், தமிழ்நாட்டுப் பக்கம் வருசநாட்டு மலையடிவாரத்துக்காரர்கள். சந்தனத்துக்காக மலை ஏறியவர்கள் இரவு ரோந்துக்கு ஏறினார்கள்.

அந்த மாற்றம் எப்படி நடந்தது

காவலர் எண்ணிக்கையைக் கூட்டினால் திருட்டு நிற்கும் என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். பெரியாற்றில் அது நடக்கவில்லை. 1934-இல் நெல்லிக்காம்பட்டி வேட்டைக் காப்பகமாக இருந்த இடம், 1950-இல் பெரியாறு சரணாலயமாகி, 1978-இல் புலிகள் காப்பகமாகவும் ஆயிற்று. சட்டம் மேலும் மேலும் இறுகியது. தந்தத் திருட்டு நிற்கவில்லை. கொம்பன்களைத் தேடித் தேடிச் சுட்டார்கள். 1990-களில் அங்கே வளர்ந்த ஆண் யானை ஒன்றுக்குப் பெண் யானைகள் ஏறக்குறைய நூறு என்ற நிலை. யானை ஆராய்ச்சியாளர்கள் உலகம் முழுக்க எடுத்துக்காட்டும் அளவுக்குக் கெட்டுப்போன விகிதம் அது.

1996-இல் உலக வங்கியும் உலகச் சுற்றுச்சூழல் நிதியமும் பணம் கொடுக்க, இந்தியாவில் ஏழு காடுகளில் ‘சூழல் மேம்பாட்டுத் திட்டம்’ தொடங்கியது. பக்சா, கிர், நாகரஹோளே, பலாமு, பெஞ்ச், ரந்தம்போர் ஆகியவற்றோடு பெரியாறும் அதில் ஒன்று. காட்டின் விளிம்பில் இருப்பவன் ஏன் காட்டுக்குள் போகிறான் என்று கேட்டு, அந்தக் காரணத்தைத் தீர்த்துவைப்பதுதான் திட்டத்தின் உள்ளடக்கம். ஏழு இடங்களிலும் ஒரே பலன் கிடைக்கவில்லை. பெரியாற்றில் கிடைத்தது.

அதற்குக் காரணம் பணத்தைவிடப் பேச்சு என்பது என் கணிப்பு. அங்கே இருந்த சில வன அதிகாரிகள் குடிகளுக்கு நடந்தார்கள், உட்கார்ந்தார்கள், கணக்குக் கேட்டார்கள். மன்னான், பளியர் குடிகளில் அந்தக் கணக்கு வெளியே வந்தது. குமுளி விளிம்பில் இருக்கும் இந்த மக்களுக்கு மிளகுக் கொடி உண்டு. கொடி இருந்தும் மிளகு அவர்களுடையதாக இல்லை. மழைக்காலத்துப் பசிக்கும், கல்யாணத்துக்கும், மருந்துக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, காய்ப்பதற்கு முன்பே கொடியை ஒத்தி வைத்துவிடுவார்கள். அறுவடை வியாபாரிக்குப் போகும். சொந்தக் கொடியில் கூலிக்கு மிளகு பறித்தவர்கள் மீன் பிடிக்கவும் விறகு வெட்டவும் சிறுவேட்டைக்கும் காட்டுக்குள் போனார்கள்.

திட்டப் பணத்தில் முதல் வேலையாக அந்தக் கடனை அடைத்தார்கள். கொடி மீண்டது. மிளகைச் சங்கமே சேர்த்து விற்றது. பின்னாளில் வஞ்சிவயலில் ஊராளி மக்கள் உரம், மருந்து போடாமல் விளைவித்த மிளகு ஜெர்மனிக்குக் கப்பல் ஏறியது. ஒரு வனத்துறை கந்துவட்டிக் கடன் பிரச்சினையில் கை வைத்தது என்பதை நம் ஊரில் யாராவது கேள்விப்பட்டதுண்டா? காட்டுக்குள் விழுகிற கோடாரிக்கும் கடைவீதியில் புரள்கிற வட்டிக்கும் இடையில் ஒரு கயிறு இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவர்கள் அதன் கடை முனையில் இருந்து அவிழ்த்தார்கள்.

பட்டைக்காரர்களிடமும் அப்படித்தான். பிடிபட்டவரை உள்ளே தள்ளிவிட்டு அடுத்த ஆளைத் தேடாமல், கூட்டத்தையே கூப்பிட்டுப் பேசினார்கள். வழக்குகளைத் தீர்த்துத் தருகிறோம், மாத வருமானத்துக்கு வழி செய்கிறோம், பதிலுக்கு உங்களுக்குத் தெரிந்த தடத்தையும் ஆட்களையும் சொல்லுங்கள் என்பது பேச்சு. அவர்கள் சொன்னார்கள். வனத்துறைக்கு அதுவரை பிடிபடாத கூட்டங்கள் அவர்கள் தந்த துப்பில் பிடிபட்டன. ஒருநாளில் வந்த நம்பிக்கை இல்லை. வருமானம் தவறாமல் வந்தது, சீருடை வந்தது, ஊரில் ‘பட்டைத் திருடன்’ என்று கூப்பிட்டவர்கள் ‘கைடு’ என்று கூப்பிட்டார்கள். இந்தக் கடைசி விஷயத்தை எந்தத் திட்ட அறிக்கையின் வரவு செலவிலும் எழுத முடியாது. பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் அப்பா என்ன வேலை என்று கேட்டால் தலை நிமிர்ந்து பதில் சொல்ல முடிகிற நிலைமைக்கு விலை வைக்க முடியுமா?

2002-இல் பெண்கள் வந்தார்கள். ‘வசந்த சேனை’. தேக்கடியைச் சுற்றி இருந்த சந்தன மரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்த காலம். நூறு பேர் அளவில் சேர்ந்து, முறை வைத்து, தினம் ஒரு சிறு குழுவாகக் காட்டுக்குள் நடந்து காவல் பார்த்தார்கள். வீட்டு வேலையை முடித்துவிட்டு வருவார்கள், நடப்பார்கள், திரும்பிப் போய்ச் சோறு ஆக்குவார்கள். சம்பளம் கிடையாது. எங்கள் வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் இந்தக் காடுதான் சோறு போடுகிறது, அதற்குப் பதிலாக இது என்பது அவர்கள் நிலை. இந்தச் சேனையைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. எல்லாரும் அந்தச் சம்பளமில்லாத உழைப்பைப் புகழ்கிறார்கள். எனக்கு அதில் முழு ஒப்புதல் இல்லை. ஆண்களின் ரோந்துக்குச் சம்பளம், பெண்களின் ரோந்துக்குப் பாராட்டு என்பது காட்டுக்குள் மட்டும் நியாயமாகிவிடாது. அந்தப் பெண்கள் செய்தது பெரிய காரியம். அது பெரிய காரியம் என்பதாலேயே அதற்குக் கூலி உண்டு.

பணம் தீர்ந்த பிறகு

வெளிநாட்டு நிதியில் நடக்கும் திட்டங்கள் எப்படி முடியும் என்று நமக்குத் தெரியும். பெயர்ப்பலகை துருப்பிடித்து நிற்கும். 2004-இல் இந்தத் திட்டத்துக்கும் காலம் முடிந்தது. எழுபதுக்கும் மேற்பட்ட சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் அந்தரத்தில் நின்றிருக்க வேண்டியவை. நிற்கவில்லை. அந்த ஆண்டிலேயே ‘பெரியாறு ஃபவுண்டேஷன்’ என்ற அறக்கட்டளையைக் கேரள அரசு பதிவு செய்தது. காப்பகத்துக்கு வருகிற ஒவ்வொரு பயணியின் சீட்டோடும் சூழல் மேம்பாட்டுக்கென்று ஒரு கூடுதல் கட்டணம். அது அரசுக் கருவூலத்துக்குப் போய்க் கரையாமல் அறக்கட்டளைக்கு வருகிறது. குழுக்களுக்குக் கைகொடுப்பது, ஆராய்ச்சியாளர்களையும் சமூகப் பணியாளர்களையும் வேலைக்கு வைப்பது எல்லாம் அதிலிருந்து.

இந்த ஏற்பாட்டை டெல்லியும் கவனித்தது. 2006-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியபோது 38-எக்ஸ் என்ற பிரிவு சேர்ந்தது: ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் ஒரு புலிகள் பாதுகாப்பு அறக்கட்டளையை மாநில அரசு ஏற்படுத்த வேண்டும், அது உள்ளூர் மக்களின் பங்கேற்போடு இயங்க வேண்டும். குமுளியில் நடந்த சோதனை நாட்டின் சட்டமாயிற்று.

ஆப்பிரிக்காவில் இதே காலத்தில் இதைவிட ஒரு படி மேலே போனார்கள். நமீபியாவின் வடமேற்கில் குனேனே வறண்ட பூமி. 1980-களின் தொடக்கத்தில் கடும் வறட்சி, கால்நடை செத்து மடிந்த நேரத்தில் காண்டாமிருகமும் யானையும் வேட்டையில் அழிந்துகொண்டிருந்தன. கார்த் ஓவன்-ஸ்மித் என்ற வனப் பாதுகாவலர் அங்குள்ள தலைவர்களிடம் போய்ப் பேசினார். உங்கள் ஆட்களில் காடு தெரிந்தவர்களை நீங்களே தேர்ந்து காவல் வையுங்கள் என்றார். தலைவர்கள் தேர்ந்த ஆட்களில் பழைய வேட்டைக்காரர்களும் இருந்தார்கள். முதலில் அவர்களுக்குக் கிடைத்த கூலி சோளமாவும் கொஞ்சம் காசும். ஓவன்-ஸ்மித்தும் மார்கரெட் ஜேக்கப்சன் என்ற மானிடவியலாளரும் சேர்ந்து நடத்திய தொண்டு நிறுவனம் இந்த வேலையைப் பரப்பியது. 1993-இல் இருவருக்கும் கோல்ட்மேன் விருது கிடைத்தது.

விடுதலை அடைந்த நமீபியா 1996-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பொது நிலத்தில் வாழும் சமூகங்கள் எல்லை குறித்து, உறுப்பினர் பட்டியல் போட்டு, ‘கன்சர்வன்சி’ என்று பதிவு செய்துகொள்ளலாம். அந்த எல்லைக்குள் வனவிலங்கால் வரும் வருமானம் அந்தச் சமூகத்துக்கு. 1998-இல் முதல் நான்கு பதிவாயின. இன்று எண்பதுக்கும் மேல். நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. தங்கும் விடுதிக்காரரோடு ஒப்பந்தம் போடுவது கிராமத்துக் குழு. கணக்கு வைப்பதும் அவர்களே. அங்கும் யானை பயிரை மிதிக்கிறது, சிங்கம் மாட்டை அடிக்கிறது, மழை பொய்த்தால் எல்லாம் ஆட்டம் காண்கிறது. ஆனாலும் வருமானம் யாருடையது என்ற கேள்விக்கு அங்கே சட்டத்தில் பதில் இருக்கிறது.

நம் சூழல் மேம்பாட்டுக் குழுக்களின் பலவீனம் அங்கேதான். குழுவில் ஊர்க்காரர் தலைவர். செயலாளர் வனத்துறை ஊழியர். நல்ல அதிகாரி இருக்கும் வரை குழு உயிரோடு இருக்கும். அவர் மாற்றலாகிப் போனால், அடுத்தவர் மனம் வைக்க வேண்டும். பெரியாறு தப்பித்ததற்கு அறக்கட்டளையும் தொடர்ந்து வந்த சில நல்ல அதிகாரிகளும் காரணம். எல்லா ஊருக்கும் அந்தக் கொடுப்பினை வாய்க்காது.

இனி நம் பக்கம்

2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயத்தையும், 2009-இல் அறிவித்த மேகமலை சரணாலயத்தையும் சேர்த்து 1,016.57 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் ஐந்தாவது, இந்தியாவின் 51-ஆவது. வைகை பிறக்கும் மலை இது. இதன் மேற்குப் பக்கம் பெரியாறு காப்பகத்தைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது. புலிக்கும் யானைக்கும் இரண்டும் ஒரே காடு.

அதை நமக்கு உறைக்கச் சொன்னது அரிசிக்கொம்பன் என்ற யானை. 2023 ஏப்ரல் இறுதியில் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். சில நாளில் மேகமலைப் பக்கம் வந்தான். மே 27 காலையில் கம்பம் நகரத் தெருவில் ஓடினான். தடை உத்தரவு போட்டார்கள், கடைகள் அடைத்தார்கள். வழியில் அவன் மோதி விழுந்த ஒருவர் சில நாளில் இறந்துபோனார். ஜூன் 5 அதிகாலை சின்ன ஓவுலாபுரம் அருகே மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு முண்டந்துறைப் பக்கம் மேல்கோதையாற்றுக்கு லாரியில் ஏற்றிப் போனார்கள். அந்தப் பத்து நாளும் பள்ளத்தாக்கு முழுக்க ஒரே பேச்சு. அவனுக்காக அழுதவர்களும் உண்டு, திராட்சைத் தோட்டத்துக்குப் போகப் பயந்து கூலி இழந்தவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் சொன்னது உண்மை.

காப்பகம் என்று அறிவித்த பிறகு மலையடிவாரத்து மக்களுக்கு முதலில் கிடைத்தது தடைகள். வருசநாட்டு மலைக் கிராமங்களில் தலைமுறையாகப் பயிர் செய்தவர்கள் எப்போது வெளியேற்றுவார்களோ என்ற பயத்தில் இருக்கிறார்கள். மலைமாடு வளர்ப்பவர்கள் நிலை இன்னும் சிக்கல். கம்பம், போடி, வருசநாட்டு மலைகளில் மேய்ந்து பழகிய நாட்டு மாடு அது. கட்டிவைத்துத் தீனி போட்டு வளர்க்கிற சாதி இல்லை. பாலுக்காக வளர்ப்பதும் இல்லை; அதன் சாணம்தான் வருமானம், கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு லாரி லாரியாக எருவாகப் போகிறது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காட்டில் மேய்ச்சலுக்குத் தடை சொன்னது. பிறகு அதைத் திருத்தி, சரணாலயங்களுக்கும் தேசியப் பூங்காக்களுக்கும் புலிகள் காப்பகங்களுக்கும் மட்டும் என்றது. மேகமலை அந்த ‘மட்டும்’ என்பதற்குள் வருகிறது. இத்தனை மாடு மேய்ந்தால் மானுக்கும் காட்டெருமைக்கும் புல் மிஞ்சாது, மாட்டின் நோய் காட்டுக்குப் பரவும் என்று வனத்துறை சொல்வதில் நியாயம் இருக்கிறது. வேறெங்கே போவது என்று மாட்டுக்காரர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. பட்டைக்காரர்களிடம் பேசியதுபோல இவர்களிடம் உட்கார்ந்து பேசினால் என்ன? மலையின் மேடு பள்ளம் அத்தனையும் கால் அறிந்த ஆட்கள் இவர்கள். தீத்தடுப்புக் கோடு எங்கே வெட்ட வேண்டும் என்று இவர்களைவிட யாருக்குத் தெரியும்? கோடையில் காட்டுத் தீ பிடித்தால் முதலில் பார்ப்பவர்கள் இவர்களே.

தமிழ்நாட்டுக்கு இது புதிய பாடமும் இல்லை. களக்காடு முண்டந்துறையைச் சுற்றி 1990-களின் நடுவில் இதேபோன்ற சூழல் மேம்பாட்டு வேலை நடந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்களில் கிராம வனக் குழு அமைத்து, ஊர்ப் பணத்தை ஊர்க்காரர்களே ஒருவருக்கொருவர் கடன் கொடுத்து வாங்கும் சுழல்நிதி வைத்தார்கள். விறகுச் சுமை தூக்கிய பெண்கள் அந்தக் கடனில் கறவை மாடும் சிறு கடையும் வைத்தார்கள். நீலகிரியில் கோத்தகிரியின் கீஸ்டோன் அமைப்பு 1993-இலிருந்து தேன் எடுக்கும் பழங்குடி மக்களோடு வேலை செய்து, 2013-இல் அவர்களே பங்குதாரர்களாக இருக்கும் ‘ஆதிமலை’ உற்பத்தியாளர் நிறுவனம் வரை கொண்டுவந்து சேர்த்தது. அந்த நிறுவனத்தில் தேன் எடுப்பவரே முதலாளி.

தேனி மாவட்டத்தில் இந்த வேலைக்கு வேண்டிய எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சுருளி அருவிக்கும் மேகமலைக்கும் வருகிற பயணிகள் கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு பெருகுகிறது. வந்து, சின்னமனூரில் சாப்பிட்டு, ஹைவேவிஸில் படம் பிடித்து, பிளாஸ்டிக்கைப் போட்டுவிட்டு இறங்குகிறார்கள். அந்தப் பயணத்தில் அடிவாரத்துப் பளியர் குடிக்கு ஒரு ரூபாய் போய்ச் சேர ஏற்பாடு வேண்டும். லோயர் கேம்ப் பக்கம் பளியன்குடி வழியாகத்தான் சித்ரா பௌர்ணமிக்கு நம் மக்கள் கண்ணகி கோயிலுக்கு நடந்து ஏறுகிறார்கள். இரண்டு மாநில அரசுகளும் சேர்ந்து நடத்தும் அந்த ஒரு நாள் திருவிழாவுக்குக் காட்டுப் பாதையைக் காட்டவும் குப்பையைக் கட்டுப்படுத்தவும் அந்தக் குடியின் இளைஞர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

கம்பம் பள்ளத்தாக்கின் விவசாயிக்கும் இதில் நேரடிப் பங்கு உண்டு. ஜனவரி 15 அன்று பாலார்பட்டியிலும் லோயர் கேம்ப்பிலும் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்குக்குப் பொங்கல் வைக்கிறோம். 1895-இல் திறந்த அணை, மலையைக் குடைந்து வந்த தண்ணீர், அதில் விளையும் 14,707 ஏக்கர் இருபோக நெல் எல்லாவற்றுக்கும் அந்த நன்றி தகும். அணையில் தண்ணீர் நிற்பதற்கு மேலே காடு நிற்க வேண்டும். மழையை வாங்கி, இலைச் சருகிலும் வேரிலும் பிடித்துவைத்து, சொட்டுச் சொட்டாக ஓடைக்கு விடும் சோலை அது. அந்தச் சோலையை ராத்திரியும் பகலும் நடந்து காப்பவர்களை நம் விவசாய சங்கங்கள் மேடை ஏற்றி ஒரு துண்டு போர்த்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சையும் ஆண்டு முழுக்கக் காய்ப்பது இந்தத் தட்பவெப்பத்தாலும் தண்ணீராலும்தான். பெட்டிக்குச் சில காசு என்று காட்டுக் காவலுக்கு ஒதுக்கினாலும் அது தர்மம் ஆகாது, தண்ணீர்த் தீர்வையில் ஒரு பகுதி என்றே கொள்ளலாம்.

38-எக்ஸ் பிரிவின்படி நம் காப்பகத்துக்கும் அறக்கட்டளை உண்டு. அது அதிகாரிகள் கூடிக் கையெழுத்திடும் காகிதமாக இருப்பதா, குமுளியைப்போல ஆள்களுக்குச் சம்பளம் கொடுக்கும் நிறுவனமாக வளர்வதா என்பது இந்தச் சில ஆண்டுகளில் முடிவாகிவிடும். முதல் வேலையாக, பயணிகளிடம் வாங்கும் பணத்தில் எத்தனை பங்கு எந்தக் குடிக்கு என்று எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். யானை மிதித்த வாழைக்கும் தென்னைக்கும் இழப்பீடு அடுத்த போகத்துக்கு முன்னால் கைக்கு வர வேண்டும். வன உரிமைச் சட்டப்படி பளியர் கேட்கும் சமூக உரிமையை மறுத்துக்கொண்டே அவர்களைக் காவலுக்குக் கூப்பிடக் கூடாது. நிர்வாகக் குழுவில் பளியன்குடியிலிருந்து ஒரு பெண், வருசநாட்டிலிருந்து ஒரு மாட்டுக்காரர், கூடலூரிலிருந்து ஒரு விவசாயி உட்கார வேண்டும். கூட்டத்துக்கு வருவதால் போகும் அன்றைய கூலியும் பஸ் காசும் அவர்களுக்கு அன்றைக்கே கொடுக்கப்பட வேண்டும். வரவு செலவுக் கணக்கு தமிழில், அவர்கள் கையில்.